உலை அணைந்தது, பெயர் நின்றது

இங்கிலாந்தில் ஒரு பழைய கேலி உண்டு. ஊருக்குத் தெரியாமல் ஓட்டலில் அறை எடுக்கும் ஜோடி, பதிவேட்டில் 'திரு, திருமதி ஸ்மித்' என்றுதான் எழுதுமாம். அத்தனை ஸ்மித்துகளுக்கு நடுவே யார் தேடிக் கண்டுபிடிப்பது? பாவம், நிஜமான ஸ்மித் தம்பதிகள்தான் வரவேற்பாளரின் குறும்புச் சிரிப்பைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு உலோகத்தை அடித்து உருவாக்குபவர் என்று பொருள். நம் ஊர்க் கொல்லர்தான். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வில்லியம், ஜான், ராபர்ட் என்று ஒரு சில பெயர்களே அதிகம் புழங்கின. ஒரே ஊரில் நாலு ஜான்கள் இருந்தால் வரிக் கணக்கு எழுதுபவர் என்ன செய்வார்? அப்பன் பெயரையோ, வீடு இருந்த இடத்தையோ, செய்த தொழிலையோ சேர்த்து எழுதினார். இனிஷியலோடு வாழும் தமிழருக்கு இது புரியாத சங்கதி அல்ல. ஆனால் இனிஷியல் தலைமுறைதோறும் மாறும். ஆங்கிலேயரின் ஒட்டுப்பெயரோ 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களில் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. கலப்பைக் கொழுவுக்கும் குதிரை லாடத்துக்கும் ஊருக்கு ஒரு கொல்லர் தேவை. ஆகவே ஊருக்கு ஒரு ஸ்மித்.

பெயர் ஒட்டிக்கொண்டது, தொழில் கழன்றுகொண்டது. 1776இல் 'நாடுகளின் செல்வம்' எழுதிய ஆடம் ஸ்மித்தின் தந்தை சுங்க அதிகாரி. அந்த நூலில் ஆணி அடிக்கும் கொல்லர்கள் வருகிறார்கள், வேலைப் பிரிவினைக்கு உதாரணமாக. வெள்ளையர் ஆட்சியில் பம்பாய்ப் பார்சிகளும் ஆங்கிலத் தொழில் பெயர்களைச் சூட்டிக்கொண்டார்கள். அங்கும் இதே கதை. விக்கெட் கீப்பர் ஃபரூக் இன்ஜினியரின் அப்பா ஒரு டாக்டர்!

இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் ஸ்மித்துக்கே. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 24 லட்சத்துக்கும் அதிகமான ஸ்மித்துகள். எல்லோரும் ஆங்கிலேயக் கொல்லரின் வாரிசுகள் அல்ல. ஜெர்மனியிலிருந்து வந்த ஷ்மிட்டுகள் பலர் ஸ்மித் ஆனார்கள். நூற்றுக்குச் சுமார் 23 பேர் கறுப்பர்கள்.

கேலி நின்றுபோகும் இடம் இதுதான். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி ஏடு இருந்தது. அதில் எஜமானரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம். அடிமையின் பெயர் அநேகமாக இருக்காது. 1865இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களில் சிலர் எஜமானரின் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். சிலர் அது வேண்டாமென்று வேறு பெயர் தேர்ந்தார்கள். 1870 கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயரோடு பதிவானார்கள். இன்று மூதாதையரைத் தேடும் கறுப்பர்கள் பலருக்கு அந்த ஆண்டுதான் சுவர். அதற்குப் பின்னால் போக வேண்டுமானால் எஜமானரின் சொத்துக் கணக்கில்தான் பாட்டனைத் தேட வேண்டும்.

ஓட்டலில் ஆளை மறைக்க எழுதும் அதே பெயரைத்தான், ஆளாகவே கணக்கில் வராதிருந்த எத்தனையோ பேர் அந்த ஆண்டு தங்கள் பெயர் என்று சொன்னார்கள்.