இரண்டு கிண்ணம் ஹெரன்கிறேம்

கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்ததும் அவருக்கு ஊர் கஸ்டர்ட்தான் ஞாபகம் வந்தது. அதே இளமஞ்சள். அதற்குள் கறுப்புக் கறுப்பாய்ச் சொக்லேட் துண்டுகள். ஜேர்மனியின் வெஸ்ட்ஃபாலியாப் பகுதியில், ஹாம் நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கல்யாண வீடு, 1990களின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகாத அந்தப் பெண், பக்கத்து வீட்டுக்காரியின் மகள் கல்யாணத்துக்குச் சேலை உடுத்திக் கணவரோடு போயிருந்தார். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். முதலில் இனிப்பு. அதன் பின்னால் மூக்குவரை ஏறிய ஒரு காரம்.

"இஞ்சேருங்கோ, இதுக்குள்ள சாராயம் கிடக்கு."

கணவர் அதற்குள் மூன்றாவது கரண்டிக்குப் போயிருந்தார்.

அந்த இனிப்பின் பெயர் ஹெரன்கிறேம். 'ஹெரன்' என்றால் ஆண்கள், கனவான்கள். ஹாமுக்கு வடக்கே விரியும் மூன்ஸ்டர்லாந்தில் கல்யாணம், பிறந்தநாள் என்று எந்தக் கொண்டாட்டத்திலும் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பண்டம் இது. வனிலாப் புடிங், அடித்த கிறீம், நறுக்கிய கறுப்புச் சொக்லேட், ரம் ஆகிய நான்கும்தான் அதன் சேர்மானம். ரம் இருப்பதால் ஆண்களுக்கானது என்று பெயர். கசப்புக் கூடிய கறுப்புச் சொக்லேட்டையும் அங்கே 'ஹெரன்சொக்கலாடே' என்று சொல்வதுண்டு. காரமும் கசப்பும் ஆம்பிளைகளின் சொத்து என்ற பழைய கணக்கு அது. கிண்டுகிறவர்களும் நறுக்குகிறவர்களும் பெண்கள் என்பதைப் பெயர் வைத்தவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

அவருடைய கணவர் 1980களின் நடுப்பகுதியில் வந்தவர். 1983 யூலை இனக்கலவரத்துக்குப் பிறகு புறப்பட்ட பலரைப் போலக் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்குப் பக்கம் கடந்தார். தஞ்சம் கேட்டவருக்கு வேலை செய்ய அனுமதியில்லை. தங்கவைத்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டவும் கடிதம் வேண்டும். பிறகு வேலை கிடைத்தபோது அது உணவகத்தின் குசினியில், கோப்பை கழுவும் தொட்டியடியில் கிடைத்தது. ஹெரன்கிறேமை அவர் முதலில் அறிந்தது கழுவ வந்த கிண்ணங்களின் அடியில்தான் என்று வீட்டில் ஒரு பகிடி உண்டு.

மனைவிக்கு அதைச் செய்யப் பழக்கியவர் பக்கத்து வீட்டுக்காரி. முதல் பாடம் கடையில் தொடங்கியது: புடிங் மா, சின்னக் கடுதாசிப் பைக்கற்றில். சோளமாவும் வனிலா வாசனையும்தான் உள்ளே, முட்டை கிடையாது. ஊரில் அவர் அறிந்த கஸ்டர்ட் மாவும் இதே சாதிதான். 1837இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் சோளமாவில் கஸ்டர்ட் செய்தார். அந்த மா பிரிட்டிஷ் ஆட்சியோடு கடல் தாண்டி யாழ்ப்பாணத்துப் பலசரக்குக் கடைத் தட்டுவரை வந்தது. ஜேர்மன் பைக்கற்றில் பெயர் போட்டிருப்பவரும் மருந்துக் கடைக்காரர்தான். ஔகுஸ்ட் ஓட்கர் 1891இல் பீலஃபெல்டில் ஒரு மருந்துக் கடையை வாங்கி, அரைக் கிலோ மாவுக்கு அளவான பேக்கிங் பவுடரைச் சின்னப் பைக்கற்றில் அடைத்து விற்கத் தொடங்கியவர். பீலஃபெல்ட், ஹாமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. இரண்டு நாட்டு மருந்துக் கடைகளில் பிறந்த இரண்டு மாக்கள் ஒரே குசினியின் தட்டில் பக்கம் பக்கமாக வந்து சேர்ந்தன.

செய்முறைக்கு அடுப்பு போதும், ஓவன் தேவையில்லை. அரை லீற்றர் பாலில் ஆறு மேசைக்கரண்டி எடுத்து, 37 கிராம் புடிங் மாவையும் 40 கிராம் சீனியையும் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். மிச்சப் பால் கொதித்ததும் இறக்கி, கரைசலை ஊற்றிக் கிளறி, திரும்ப அடுப்பில் வைத்து ஒரு நிமிடம் கொதிக்க விட வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைத் திருடக் கூடாது. சோளமாவின் மணிகள் சூட்டில் நீரை உறிஞ்சி வீங்கி வெடித்தால்தான் புடிங் இறுகும்; அரைவேக்காடாய் இறக்கினால் வாயில் மா மணக்கும். ஆறும்போது மேலே ஆடை படியாமலிருக்க, பிளாஸ்டிக் தாளைப் புடிங்கின் முகத்தில் ஒட்டினாற்போல் மூடுவார்கள். அந்த ஆடைக்காகவே சண்டை பிடிக்கும் ஜேர்மன் பிள்ளைகளும் உண்டு, எங்கள் வீடுகளில் பாலாடைக்கு நடந்த சண்டை போல.

நன்றாக ஆறிய பிறகு மூன்று மேசைக்கரண்டி ரம். பிறகு 200 கிராம் கிறீமை நுரைக்க அடித்து, அகப்பையால் மெதுவாகப் புரட்டிச் சேர்க்க வேண்டும். கடைசியில், கத்தியால் பொடியாக நறுக்கிய 100 கிராம் கறுப்புச் சொக்லேட். இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால் ஆறு பேருக்குப் போதும்.

'ஆறிய பிறகு' என்ற சொல் அவருக்கு முதல் தடவை பிடிபடவில்லை. பாஷையும் அரைகுறை, விருந்தாளிகள் வரும் நேரமும் ஆகிவிட்டது. கொதி அடங்காத புடிங்கில் சொக்லேட்டைக் கொட்டினார். அது முழுக்க உருகிப் பழுப்பாகியது. கிறீமைச் சேர்த்தபோது நுரை அமர்ந்து தண்ணியாய் ஓடியது. வேறு வழியின்றிச் சின்னக் கிளாசுகளில் ஊற்றிக் குளிரவைத்துப் பரிமாறினார். பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாய் வைத்துவிட்டு, இது ஹெரன்கிறேம் இல்லை, நல்ல சொக்லேட் புடிங் என்றார். இரண்டாவது கிளாசும் கேட்டார். அன்றிலிருந்து அந்தப் பிழை அந்த வீட்டில் ஒரு செய்முறை. ரம் இல்லாத நாளில் முட்டை லிக்கர் ஊற்றுவார். ஐரோப்பியச் சட்டப்படி அதில் குறைந்தது 14 சதவீத மதுசாரமும் லீற்றருக்கு 140 கிராம் மஞ்சள் கருவும் இருக்க வேண்டும். அதுவே பாதி கஸ்டர்ட்தான்.

தொல்லை வந்தது தமிழ் வீடுகளுக்குக் கொண்டுபோனபோது. ஆம்பிளைகள் குடிப்பது ஊரறிந்த இரகசியம். ஒரு பெண் தன் கையால் சாராயம் ஊற்றிய பலகாரத்தைப் பிள்ளைகள் ஓடித் திரியும் மண்டபத்தில் வைப்பது வேறு கதை. ஒரு பிறந்தநாளில் பெரியவர் ஒருவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளை, என்ன இது?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் தொடாமலே கிண்ணம் வீடு திரும்பியது.

அன்றிரவு அவர் வேறு சிலவற்றை நினைத்துப் பார்த்தார். ஊரில் கல்யாண வீடுகளில் சின்னப் பெட்டியில் போட்டுக் கொடுக்கும் கேக்கின் வற்றல் பழங்கள் பிராண்டியில் ஊறியவை. அதை ஒருவரும் விசாரித்ததில்லை. அம்மம்மா அப்பத்துக்கு மா புளிக்க வைத்தது கள்ளில். விடியப்புறம் அந்தக் கள்ளை வாங்க அனுப்பப்பட்டவர் பத்து வயதில் அவரேதான். அப்பச் சட்டியின் சூட்டில் போதை போய்விடும் என்று சொல்லலாம். ஹெரன்கிறேமில் அந்தச் சாட்டு இல்லை. ரம் சேர்த்த பிறகு அடுப்பைக் காண்பதேயில்லை, ஊற்றியது அப்படியே இருக்கும். மூன்று மேசைக்கரண்டி ரம்மில் ஏறக்குறைய 18 மில்லிலீற்றர் மதுசாரம். முழுக் கிண்ணத்தையும் ஒருவரே முடித்தால், ஒரு சின்னப் போத்தல் பியர் குடித்ததைவிடச் சற்றுக் கூட.

அதற்குப் பிறகுதான் இரண்டு கிண்ணம். ஒன்றில் ரம், மற்றதில் அதே அளவு கடும் கோப்பி. ரம் கிண்ணத்தின் மூடியில் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள். இந்த ஏற்பாடு தமிழர்களுக்கு மட்டும் உதவவில்லை. மேல்மாடித் துருக்கிக்காரி மதுவையும் ஜெலட்டினையும் விசாரித்துவிட்டுத்தான் கரண்டி எடுப்பார். இரண்டும் இல்லாத கிண்ணம் அவருக்கு நேரே போகும். மகன் கார் அனுமதி எடுத்தபோதும் கோப்பிக் கிண்ணம்தான். புதிதாக அனுமதி எடுத்தவர்களும் 21 வயதுக்குக் குறைந்தவர்களும் வண்டி ஓட்டும்போது மது அறவே கூடாது என்பது 2007இலிருந்து அங்கே சட்டம்.

ஹாமின் ஊன்ட்ரொப் தொழிற்பேட்டையில் 17 மீற்றர் கோபுரத்தோடு காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் குடமுழுக்குக் கண்டது. தேர்த் திருவிழாவுக்குப் பல நாடுகளிலிருந்தும் சனம் வரும். தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில். விரத நாள் முடியும்வரை அவர் வீட்டில் ரம் போத்தல் அலுமாரியின் பின்தட்டுக்குப் போய்விடும். திருவிழாவுக்கு வந்த உறவுக்காரர் போகுமுன் ஒரு விருந்து நடக்கும். அப்போதுதான் போத்தல் முன்னுக்கு வரும்.

கடந்த விருந்தில் பக்கத்து வீட்டுக்காரியும் இருந்தார். இப்போது எண்பது கடந்தவர். குடிக்கிற மருந்தோடு மது கூடாதென்று வைத்தியர் மறித்திருக்கிறார். செய்முறையைக் கற்றுக்கொடுத்தவர் தானாகவே கோப்பிக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டார். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மச்சாள், கதைத்தபடியே சிவப்பு ஒட்டுத்தாள் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"மச்சாள், இதிலை சாராயம் கிடக்கு" என்றார் வீட்டுக்காரி.

"தெரியுமடி. கரண்டியைத் தா."