யூக்ளிட் அவென்யூவில் ஓர் ஊர் உண்டியல்

கிளீவ்லேண்ட் என்றாலே நம்மூர் சங்கீத ரசிகர்களுக்குத் தியாகராஜர் ஆராதனைதான். 1978-ல் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் சின்னதாகத் தொடங்கிய விழா இது. இன்று ஈஸ்டரை ஒட்டி நாள்கணக்கில் நடக்கிறது. சென்னையிலிருந்து வித்வான்கள், நடனக் கலைஞர்கள், ரசிகர்கள் என்று ஒரு கூட்டமே விமானம் ஏறுகிறது. காலையில் ஒரு கச்சேரி, மாலையில் ஒன்று என்று அரங்கத்துக்குள்ளேயே இருந்துவிட்டு, வாசலில் ஓடுகிற தெருவைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அந்தத் தெருவின் பெயர் யூக்ளிட் அவென்யூ. அரைநாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய தெரு.

கார் வேண்டாம். ஊர் நடுவில் இருக்கும் பப்ளிக் ஸ்கொயரில் 'ஹெல்த்லைன்' பஸ் ஏறினால் போதும். இரண்டு பெட்டிகளைக் கோத்தது போன்ற நீள பஸ். 2008 முதல் ஓடுகிறது. வழியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகள் பணம் கொடுத்துப் பெயர்வைக்கும் உரிமையை வாங்கியதால்தான் பஸ்ஸுக்கே ஆரோக்கியப் பெயர்! மொத்தம் 11 கிலோமீட்டர் தூரம்.

ஒரு காலத்தில் இது கோடீஸ்வரர்கள் தெரு. எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லருக்கே இங்கே வீடு இருந்தது. இரும்பு, எண்ணெய், கப்பல் என்று ஊர் கொழித்த நாள்கள் அவை. 1950-ல் கிளீவ்லேண்டின் மக்கள்தொகை 9 லட்சத்து 14 ஆயிரம். 2020-ல் அது 3 லட்சத்து 72 ஆயிரம். ஆலைகள் மூடின, வசதியானவர்கள் புறநகருக்குப் போனார்கள், மாளிகைகள் இடிந்தன. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு பளபளப்பான கட்டடம், அடுத்து ஒரு வெற்று மனை, மறுபடியும் ஒரு கட்டடம் என்று பல் விழுந்த வாய் மாதிரிதான் தெரு தெரிகிறது.

பணக்காரர்கள் போய்விட்டார்கள். ஆனால், அவர்கள் பணத்தில் ஒரு பகுதி ஊரிலேயே தங்கிவிட்டது. எப்படித் தங்கியது என்று தெரிந்துகொள்ள, 9-வது தெரு நிறுத்தத்தில் இறங்குங்கள்.

முனையில் கோயில் கோபுரம் போலத் தூண்கள் தாங்கிய ஒரு கல் கட்டடம். 1908-ல் கிளீவ்லேண்ட் டிரஸ்ட் வங்கிக்காகக் கட்டியது. உள்ளே நுழைந்து தலையை நிமிர்த்தினால், வண்ணக் கண்ணாடிகளால் ஆன பெரிய குவிமாடம் வெயிலில் ஜொலிக்கிறது. தலையைக் குனிந்தால் தக்காளி, வெண்ணெய், ரொட்டி! 2015-லிருந்து இது ஹீனன்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட். இவ்வளவு அழகான இடத்தில் நான் வேறெங்கும் வாழைப்பழம் வாங்கியதில்லை.

இந்த வங்கியின் தலைவராக இருந்தவர் ஃபிரெடரிக் கோஃப். அடிப்படையில் வக்கீல். பணக்காரர்களின் உயில்கள் அவருக்கு அத்துப்படி. அந்த உயில்களில் அவர் கண்ட சிக்கல் நமக்கும் பழக்கமானதுதான். செத்துப்போனவர் எழுதிவைத்துவிட்டால், காலம் மாறினாலும் பணத்தைத் தொட முடியாது. செயின்ட் லூயிஸ் நகர மேயராக இருந்த பிரையன் முல்லன்ஃபி, 1851-ல் இறந்தபோது, தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை மேற்கே குடியேறப் போகிற ஏழை வழிப்போக்கர்களுக்கு என்று எழுதிவைத்திருந்தார். பிறகு ரயில் வந்தது. மாட்டு வண்டியில் போகிறவர்கள் அருகிப்போனார்கள். நிதி மட்டும் குட்டி போட்டுக்கொண்டே இருந்தது. நம் கோயில் கல்வெட்டுகளில், அணையா விளக்குக்கு நெய் தர 96 ஆடுகள் விட்டதாக எழுதியிருக்கிறதே, இன்று அந்த ஆட்டுக்கு எங்கே போவது?

கோஃப் கண்ட வழி எளிமையானது. யார் வேண்டுமானாலும் பணம் போடலாம். பெரிய தொகை, சின்னத் தொகை எல்லாம் ஒரே உண்டியலில் சேரும். முதலை வங்கி பார்த்துக்கொள்ளும், வருமானம் ஊருக்குச் செலவாகும். கொடுத்தவரின் விருப்பம் மதிக்கப்படும். ஆனால், அந்த விருப்பம் காலாவதியானால், அன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்கள் கூடி மாற்றிக்கொள்ளலாம். அதை முடிவு செய்ய ஐந்து பேர் குழு. அதில் வங்கிக்கு இரண்டு இடம்தான். மற்ற மூவரை மேயரும் நீதிபதிகளும் நியமிப்பார்கள். 1914 ஜனவரி 2 அன்று வங்கியின் இயக்குநர்கள் இதற்குத் தீர்மானம் போட்டார்கள். கிளீவ்லேண்ட் ஃபவுண்டேஷன் பிறந்தது. உலகின் முதல் சமூக அறக்கட்டளை இதுதான். அடுத்த ஆண்டே சிகாகோ, பாஸ்டன் எல்லாம் பின்தொடர்ந்தன. இன்று அமெரிக்காவில் மட்டும் இப்படி நூற்றுக்கணக்கான ஊர் அறக்கட்டளைகள் இருக்கின்றன.

ஒரு வேடிக்கை. உயில் எழுதியவர்கள் உடனே சாக மாட்டார்களே! முதல் சில ஆண்டுகளில் அறக்கட்டளையிடம் வாக்குறுதி இருந்தது, பணம் இல்லை. அதனால், ஊரில் என்ன கோளாறு என்று ஆராய ஆரம்பித்தார்கள். 1915-ல் பள்ளிக்கூடங்களைப் பற்றிய ஆய்வு. 25 தொகுதிகளாக அறிக்கை வந்தது. 1920-ல் நகர நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியே ஒரு கொலை வழக்கில் சிக்கி, பிறகு பொய்ச்சாட்சிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். ஊரே அதிர்ந்தது. உடனே நீதிமன்றங்களையும் போலீஸையும் ஆராய ராஸ்கோ பவுண்டையும், பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரையும் அழைத்தது அறக்கட்டளை. காசு கொடுப்பதற்கு முன்னால் கேள்வி கேட்ட இந்தக் காலம்தான், என் கணக்கில், அதன் நூறாண்டுக் கதையில் கம்பீரமான பகுதி.

மறுபடி பஸ். கொஞ்ச தூரத்தில் நடுத்தெருவின் மேலே ஒரு பிரமாண்ட சரவிளக்கு தொங்கும். பிளேஹவுஸ் ஸ்கொயர் வந்துவிட்டது. 1921, 22-ல் திறந்த நாடக அரங்குகள். டி.வி வந்து, ஆள் வராமல், 1960-களின் கடைசியில் ஒவ்வொன்றாக மூடின. இடித்துவிட்டு கார் நிறுத்தலாம் என்றார்கள். ரே ஷெப்பர்ட்சன் என்ற கல்வித்துறை ஊழியர்தான் விடாமல் போராடினார். 1973-ல், பாழடைந்த ஒரு தியேட்டரின் முன்கூடத்தில் சில வாரங்களுக்கு என்று ஓர் இசைநாடகம் போட்டார்கள். அது இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது! அரங்குகளைப் புதுப்பிக்கப் பணம் போட்டவர்களில் ஊர் அறக்கட்டளையும் ஒன்று. பிற்பாடு தன் அலுவலகத்தையும் இங்கேயே வைத்துக்கொண்டது.

இதைத் தாண்டியதும் ஆராதனை நடக்கும் கிளீவ்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். அதற்கப்புறம் தெரு மெலிகிறது. கட்டடங்கள் குறைந்து வெற்று மனைகள் கூடுகின்றன. இடது பக்கம் ஹஃப் என்ற பகுதி, கறுப்பின மக்கள் வாழும் இடம். 1966 ஜூலையில், ஒரு மதுக்கடையில் கறுப்பின ஆள் ஒருவருக்குக் குடிக்கத் தண்ணீர் மறுத்ததில் மூண்டது கலவரம். நான்கு பேர் செத்தார்கள், நால்வரும் கறுப்பர்கள். எரிந்த கடைகள் பலவும் எழுந்திருக்கவே இல்லை.

இங்கேதான் கோஃபின் ஏற்பாட்டில் இருந்த ஓட்டை தெரிகிறது. வங்கி, மேயர், நீதிபதி நியமித்த ஐந்து பேர் மேசையில், ஹஃப் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மா எப்படி உட்கார முடியும்? 'ஊர்' என்று சொல்லும்போது யாருடைய ஊர் என்ற கேள்வி வருமல்லவா? இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. தங்கள் பெயரில் தனி நிதி வைத்து, இன்னாருக்குக் கொடுங்கள் என்று தாங்களே பரிந்துரைக்கிற கொடையாளர்கள் இதுபோன்ற அறக்கட்டளைகளில் பெருகிவிட்டார்கள். பொது உண்டியல் பல தனி உண்டியல்களாகப் பிரிவதில் எனக்குச் சம்மதமில்லை.

2023-ல் அறக்கட்டளை ஒரு காரியம் செய்தது. நாடக அரங்குகளின் வெளிச்சத்தை விட்டு, ஹஃப் விளிம்பில், 66-வது தெரு முனையில் சொந்தக் கட்டடம் கட்டிக் குடிவந்தது. ஏறக்குறைய 300 கோடி டாலரை நிர்வகிக்கிற நிறுவனம் அது. தரைத்தளம் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்திருக்கிறது. பக்கத்திலேயே டன்ஹம் டேவர்ன், 1824-ல் கட்டிய பழைய சத்திரம். குதிரை வண்டிப் பயணிகள் தங்கிய இடம், இப்போது அருங்காட்சியகம். அதன் மனையில் ஒரு துண்டை அறக்கட்டளைக்கு விற்றதில் அருங்காட்சியகத்தாருக்குள்ளேயே சண்டை வந்தது. நல்ல காரியத்துக்கும் நிலத்தகராறு உண்டு போலும்!

கடைசியாக யூனிவர்சிட்டி சர்க்கிள் பகுதி. கிளீவ்லேண்ட் கிளினிக், யூனிவர்சிட்டி ஹாஸ்பிடல்ஸ், கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். இந்த மூன்றும் கோடிகோடியாகச் சாமான் வாங்குகின்றன, சுற்றிலும் வறுமை. இந்த நிறுவனங்கள் வாங்குவதை ஏன் பக்கத்துத் தெருக்காரர்களிடம் வாங்கக் கூடாது? இந்தக் கேள்வியோடு அறக்கட்டளை முன்னின்று தொடங்கியவைதான் எவர்கிரீன் கூட்டுறவு நிறுவனங்கள். முதலாவது 2009-ல் வந்த சலவை ஆலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் தொழிலாளர்களே அதன் பங்குதாரர்கள். பங்குத்தொகையைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

தொடக்கத்தில் எதிர்பார்த்த அளவு வேலை வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் ஏற்கெனவே வேறு ஒப்பந்தங்களில் இருந்தன. கிளீவ்லேண்ட் கிளினிக் தன் சலவை ஆலையையே எவர்கிரீனின் பொறுப்பில் விட 2018 வரை ஆனது. அதன்பிறகுதான் பங்குதாரர்கள் கிடுகிடுவென்று கூடினார்கள். அந்த ஆலை சுற்றுலா இடம் இல்லை, உள்ளே விட மாட்டார்கள். கிளினிக்கில் யாரையாவது பார்க்கப் போனால், கட்டிலில் விரித்திருக்கும் வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொள்ளலாம்.