மாணிக்க கங்கையின் தலைமாட்டில்

வீட்டையும் வேலையையும் சில நாள் விட்டு விலகி, காட்டிலோ மலையிலோ தங்கி, வாழ்ந்த வாழ்வை எண்ணிப்பார்த்து, உடன் தங்கியவர்களோடு வட்டமாக அமர்ந்து மனத்தில் கிடப்பதைப் பேசித் திரும்பும் வழக்கம் எல்லாச் சமயங்களிலும் ஏதேனும் ஒரு பெயரில் இருந்து வந்திருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் அதைத் தியானம் என்றும் ஒடுக்கம் என்றும் சொல்வர். முஸ்லிம்கள் ரமழானின் கடைசிப் பத்து நாட்களில் பள்ளிவாசலிலேயே தங்கியிருப்பதை இஃதிகாப் என்பர். சைவரிடத்தில் விரதமும் பாதயாத்திரையும் சேர்ந்து அந்தப் பணியைச் செய்கின்றன. இலங்கையின் ஊவா மாகாணம் இத்தகைய ஒதுங்கலுக்கு நெடுங்காலமாகவே இடம் கொடுத்த மண்ணாகும். அப்புத்தளையில் 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் கட்டிய அடிஷாம் மாளிகை பிற்காலத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாயிற்று. அண்மைக்காலத்தில் எல்ல நகரைச் சுற்றி யோகப் பயிற்சிக்கும் மௌனத்துக்கும் விருந்தினரை அழைக்கும் விடுதிகள் பெருகியுள்ளன. பழைய தோட்டப் பாதைகளை இணைத்து, கண்டியில் தொடங்கி அப்புத்தளை, எல்ல, தெமோதரை வழியாக நுவரெலியா வரை 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பெக்கோ ட்ரெயில்’ என்ற நடைவழியும் அமைந்திருக்கிறது.

இந்த வழிகளில் நடந்து வருபவர் தேடிவரும் அமைதியின் நடுவில்தான் தோட்டத் தொழிலாளர் காலை முதல் மாலை வரை வேலை செய்கின்றனர். ஒருவருக்கு ஒதுங்குமிடமாக இருக்கும் மலை இன்னொருவருக்கு வேலைக்களமாக இருக்கும்போது, அந்த இன்னொருவர் தன்னை எண்ணிப்பார்க்க எங்கே ஒதுங்குகிறார் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கான விடையை நமுனுகுல மலையிலிருந்து கீழே ஓடும் தண்ணீரின் போக்கிலேயே காணலாம்.

ஒன்பது சிகரங்கள் என்று பொருள் சொல்லப்படும் நமுனுகுல, பதுளைக்கும் பசறைக்கும் எல்லவுக்கும் இடையே 2,036 மீற்றர் உயரத்துக்கு எழும் மலைத்தொடர் ஆகும். உச்சியில் காடும், காட்டின் கீழ்விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கு வரை தேயிலையும், தேயிலைக்கு நடுவே லயங்கள் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளும் கோயில்களும் ஆலைகளுமாக அதன் சரிவுகள் அமைந்துள்ளன. இவை தொடக்கத்தில் கோப்பித் தோட்டங்களாக இருந்தவை. கோப்பியை இலங்கையிலிருந்தே ஏறத்தாழ அழித்துவிட்ட இலைத்துரு நோய் 1869இல் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டதும் தொலைவில் இல்லாத மடுல்சீமைப் பகுதியில்தான். அதன் பின்னர் தேயிலை வந்தது, 1924இல் பதுளை வரை ரயிலும் வந்தது. ஆயினும் இத்தோட்டங்களில் உழைக்கும் மலையகத் தமிழரின் மனத்தில் நமுனுகுலவுக்கு இவற்றைவிடப் பெரிய சிறப்பு ஒன்று உண்டு. முருகன் தலமான கதிர்காமத்தில் யாத்திரிகர் நீராடும் மாணிக்க கங்கை இம்மலைத்தொடரில் ஊற்றெடுத்து, சுமார் 114 கிலோமீற்றர் ஓடி, யால காட்டைக் கடந்து கடலில் கலக்கிறது. தேயிலைச் செடிகளுக்கிடையே காலை நனைத்துப் போகும் ஓடைதான் கீழே தீர்த்தமாகிறது.

தனிமையில் இருந்து தன்னை அறிதல் என்ற கருத்து, தனிமை கிடைக்கும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. காலனித்துவக் காலத்தில் கட்டப்பட்ட லயன் அறையின் பொதுவான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி; ஒரே கூரையின் கீழ் வரிசையாக, சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரு வரிசையாக அமைந்த இந்தக் காம்பராக்களில் மூன்று தலைமுறைகள் சேர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். அடுத்த காம்பராவின் இருமலும் சண்டையும் தாலாட்டும் சுவரைத் தாண்டி வரும் இடத்தில் ஒருவர் கண்மூடித் தனித்திருப்பது எளிதன்று. வெளியே பரந்து கிடக்கும் மலையும் அவருக்குத் தனிமையைத் தருவதில்லை, ஏனெனில் தோட்டப் பேச்சில் ‘மலை’ என்ற சொல்லே அன்றைய வேலைக்குரிய தேயிலைப் பகுதியைக் குறிப்பதாகிவிட்டது. ‘எந்த மலையில் வேலை?’ என்பதுதான் காலைநேரக் கேள்வி. மலை அச்சத்துக்குரியதுமாகும். இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே, மீரியபெத்த தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் சரிந்த மண் லயங்களை உள்ளிருந்த மனிதரோடு மூடியது. இயற்கையின் மடியில் இளைப்பாறுதல் என்று எழுதும் எவரும் அந்தக் காலைப்பொழுதை நினைவில் வைத்துக்கொண்டு எழுதுவதே நேர்மையாகும்.

தனிமை அரிதாக இருந்த இடத்தில் வட்டம் நிறைந்திருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் வேலையின் நடுவே தேத்தண்ணிக்காக அமரும் சிறுபொழுதைச் சற்று அருகிருந்து பார்த்தல் தகும். இடுப்பில் சுற்றிய படங்கை, அதாவது செடியின் ஈரமும் கீறலும் உடலில் படாமல் காக்கும் கனத்த விரிப்பை, அவர்கள் அவிழ்ப்பதில்லை. அதன் மேலேயே சரிவில் குந்துகின்றனர். தலையிலிருந்து இறக்கிய கொழுந்து நிறைந்த சுமைகள் ஒருபுறம் இருக்க, நடுவில் பிளேன்டீப் போத்தலும் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய ரொட்டியும் கட்டுச்சம்பலும் வருகின்றன. ஒருத்தி காலில் ஏறிய அட்டையைச் சுண்டி எறிந்துகொண்டே வீட்டுத் துன்பத்தைச் சொல்லத் தொடங்குவாள். வயதில் மூத்தவள் ரொட்டியைப் பிய்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, ‘தின்னுட்டுச் சொல்லு புள்ள’ என்பாள். அறிவுரை அரிதாகவே வரும், கேட்டலே மிகுதி. பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்த, ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் குறுக்கிடாமல் கேட்கும் பகிர்வு வட்டங்கள் இன்று கட்டணம் பெற்று நடத்தப்படுகின்றன. அவற்றின் பயனைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பண்பு மலையில் எவரும் கற்பிக்காமலேயே, வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் குரல் எழும் வரை கிடைத்த சில நிமிடங்களுக்குள் வளர்ந்தது என்பது வியந்து போற்றத்தக்கது.

வட்டம் இரவிலும் கூடியது. மாசி மாதத்தில் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்து, சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்ததையும் ரதி அழுது அரற்றியதையும் அவன் மீண்டெழுந்ததையும் நடித்துக் காட்டும் சடங்காகும். அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றப்பட்ட இடத்தைக் காமன் பொட்டல் என்பர். வேடம் கட்டுவோர் விரதம் காப்பர். ஊர் முழுவதும் சுற்றி அமர்ந்து விடியும் வரை பார்க்கும். அங்கே முழங்கும் தப்பு என்னும் தோற்கருவிக்குத் தோட்டத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. முற்காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு, அதாவது பெயர் கொடுத்து வேலை பிரிக்கப்படும் திடலுக்கு, அழைத்ததும் அதே தப்புதான். பெரட்டில் மக்கள் வரிசையாக நின்றார்கள், கூத்தில் வட்டமாக அமர்ந்தார்கள். ரதி புலம்பும்போது சுற்றியிருந்த பெண்களும் தம் இழப்புகளை நினைத்து அழுதார்கள் என்றால், ஆண்டுக்கொரு முறை தம் துயரத்தை வெளியே வைத்துப் பார்க்க அந்த வட்டம் அவர்களுக்கு இடம் கொடுத்தது என்று கொள்வதில் தவறில்லை. இம்மக்களின் பாடல்களை ஊர் ஊராகத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை உழைக்கும் மக்களின் அகவாழ்வையே அவ்வாறு பாதுகாத்தார்.

ஒதுங்கல் என்று முழுப்பொருளில் சொல்லத்தக்கது கதிர்காம யாத்திரையே. அது பெரும்பாலும் ஒரு நேர்த்தியில், அதாவது துன்ப வேளையில் இறைவனுக்குச் செய்துகொண்ட வாக்கில் தொடங்குகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவிலோ கணவனின் செய்தி வராத மாதத்திலோ ஒரு காசை மஞ்சள் நீரில் நனைத்த துணியில் முடிந்து சாமித்தட்டில் வைத்துவிடுவர். மஞ்சள் வெளிறி, துணியில் அடுப்புப் புகை ஏறி, முடிச்சு இறுகிப் போன பின்னும் அது அங்கேயே இருக்கும். பணமுடை வந்தாலும் அந்தக் காசில் கை வைப்பதில்லை. ஆடி மாதம் நெருங்கும்போது விரதம் தொடங்குகிறது, புலால் நிற்கிறது. புறப்பட்ட பின் ஆணும் பெண்ணும் குழந்தையும் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைக்கின்றனர். ஆண்டு முழுதும் பெயராலும் பதிவு எண்ணாலும் அழைக்கப்பட்டவர், பல வேளைகளில் மரியாதையற்ற ஒருமையில் ஏவப்பட்டவர், வழி நெடுக எல்லார் வாயிலும் சாமி ஆகிறார். ஆளுமை வளர்ச்சி என்று நூல்கள் விரித்துரைக்கும் பொருளை இந்த ஒற்றை விளி மாற்றம் சொல்லிவிடுகிறது.

பசறையிலிருந்து படல்கும்புர, புத்தள என்று வழி இறங்குகிறது. குளிருக்குப் பழகிய உடல் ஒவ்வொரு வளைவிலும் வெப்பத்தை உணர்கிறது. தேயிலை மறைந்து இறப்பர் தோன்றி, அதுவும் மறைந்து, புத்தளவுக்கு அப்பால் யானை நடமாடும் வறண்ட காடு தொடங்குகிறது. மலையேறி மன அமைதி தேடுவோரின் பாதைக்கு இது நேர்மாறானது. மலையிலேயே உழைப்பவருக்கு ஒதுங்குதல் என்பது மலையை விட்டு இறங்குதலாக இருப்பதில் ஆழ்ந்த நியாயம் உண்டு. கொழுந்தின் நிறையும் தோட்டத் துரையின் கணக்கும் எட்டாத காட்டில்தான் தாம் யார் என்ற நினைவு வேலையிலிருந்து பிரிந்து நிற்கிறது. இப்போது பெரும்பாலோர் பேருந்திலும் வேனிலுமே செல்கின்றனர் என்றாலும், கடைசிக் காட்டுவழியையேனும் நடந்து கடக்கும் குழுக்கள் இன்றும் உண்டு.

இந்த இறக்கம் எப்போதும் தடையின்றி நடந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாந்திபேதி பரவும் என்ற அச்சத்தைக் காரணம் காட்டிப் பிரித்தானிய அரசு கதிர்காம யாத்திரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. நோய் உண்மையானதே, ஆனால் கட்டுப்பாட்டின் சுமை முதலில் ஏழைத் தமிழ் யாத்திரிகர் மேலேயே விழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பிறகும், அவர்கள் இத்தீவின் தெற்கு மூலைவரை சென்று சிங்களவரோடும் முஸ்லிம்களோடும் ஒரே ஆற்றில் மூழ்கி எழுந்தார்கள். ஏட்டில் மறுக்கப்பட்ட உரிமையை அவர்கள் கால்களால் எழுதினார்கள் என்று சொல்வது மிகையாகாது.

பயணத்தின் இந்த ஆற்றலை மானிடவியல், அதாவது மனிதரின் வாழ்முறைகளை உடனிருந்து ஆராயும் துறை, கூர்ந்து நோக்கியிருக்கிறது. பழைய நிலையிலிருந்து பிரிதல், இரண்டுக்கும் நடுவே வாசற்படியில் நிற்றல், புதிய நிலையில் சேர்தல் என மூன்று கட்டங்களை ஆர்னல்ட் வான் கென்னெப் 1909இல் வகுத்தார். அந்த வாசற்படி நிலையில் பட்டமும் பதவியும் உதிர்ந்து மனிதர் சமமாக ஒட்டிக்கொள்ளும் தோழமையை விக்டர் டர்னர் 1969இல் விளக்கினார். இலங்கையில் பிறந்த இ. வலன்டைன் டேனியல் தாமே சபரிமலைக்கு நடந்து சென்று, தமிழர் தம்மை எவ்வாறு உணர்கின்றனர் என்பது பற்றி 1984இல் வெளியிட்ட நூலில் அப்பயணத்தை ஆராய்ந்தார். நடையின் வலி மிகமிக ‘நான்’ என்னும் எல்லை தளர்வதை அவர் காட்டும் பகுதி, கதிர்காமக் காட்டில் கால் கொப்புளித்து நடந்த எவருக்கும் புதிதாக இராது. தனித்தமர்ந்து ‘நானை’ நோக்கும் முறையும், பலரோடு நடந்து ‘நானை’ இழக்கும் முறையும் வேறு வேறானவை. இரண்டாவதே நமுனுகுல மக்களின் கைக்கு எட்டியதாக இருந்தது, அவர்களும் அதைக் கலையாகவே வளர்த்தெடுத்தார்கள்.

அந்த நடைமரபு கோயிலோடு நின்றுவிடவும் இல்லை. மலையகத் தமிழர் தென்னிந்தியாவிலிருந்து வந்த 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் முடிந்த ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம், முன்னோர் நோயிலும் பசியிலும் மடிந்த வழியை மீண்டும் நடந்தது. தங்கிய ஊர்களில் அவ்வூராரோடு அமர்ந்து பேசியதும், காணிக்கும் வீட்டுக்கும் உரிய கோரிக்கைகளைச் சொன்னதும் அதன் பகுதிகளாயின. உள்ளத்தைத் திறத்தலும் உரிமையைக் கேட்டலும் இரு வேறு செயல்கள் என்று எண்ணுவோர் அந்த நடையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கதிர்காமத்தில் கருவறைத் திரை விலகுவதில்லை. வாயை வெண்துணியால் கட்டிய கப்புறாளைமார் திரைக்குப் பின்னே பூசை செய்ய, யாத்திரிகர் திரையையே கும்பிட்டு நிற்கின்றனர். மஞ்சள் முடிச்சு அவிழ்ந்து காசு உண்டியலில் விழுகிறது. கொடிய வெயிலில் மாணிக்க கங்கையில் மூழ்கி எழுந்தவர்கள் வெறும் சோடாப் போத்தலில் அந்த நீரைப் பிடித்து, மூடியை இறுக்கி, ஈரத்துணிக்குள் சுற்றிப் பையின் அடியில் வைக்கின்றனர். புத்தள, படல்கும்புர, பசறை என்று வேன் மறுபடி ஏறுகிறது. குளிர் திரும்புகிறது, காதடைக்கிறது, குழந்தைகள் உறங்கிவிடுகின்றன. மறுநாள் விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் பெண் விளக்கேற்றி, திருநீறு இட்டு, அந்தப் போத்தலைத் திறந்து காம்பராவின் நான்கு மூலைகளிலும் தெளித்துவிட்டு, மிச்சத்தை வாசலில் நிற்கும் துளசிக்கு ஊற்றுகிறாள். அது வழிந்து கானில் இறங்கி, கானிலிருந்து ஓடைக்குப் போகிறது.