கடற்கரை முதல் தாம்பரம் வரை: கல்லும் ஏடும்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தாம்பரம் வந்துவிடும். 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தடம் இது. அன்றைக்கு மீட்டர் கேஜ், இன்றைக்கு அகலப்பாதை. ஆபீஸ் போகிறவர்களும் பூக்கூடைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் நெருக்கியடித்துக்கொண்டு போகும் இந்தப் பாதையின் இரு பக்கமும் முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் படுத்திருப்பவர்களின் பெயர்கள் தேவாலயங்களின் அடக்கப் பதிவேடுகளில் இருக்கின்றன. சில இடங்களில் கல் போய் ஏடு தங்கியது. சில இடங்களில் ஏடு போய்க் கல் மட்டும் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில்தான் இந்த நகரத்தின் கதை வாய் திறக்கிறது. அதைக் கேட்கத்தான் நிலையம் நிலையமாக இறங்க வேண்டியிருக்கிறது.

கடற்கரை நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் அரண்மனைக்காரன் தெரு. மொத்த வியாபாரிகளின் கைவண்டிகளுக்கு நடுவே ஒரு பெரிய மரக்கதவு. உள்ளே 1772-இல் கட்டிய ஆர்மீனியன் தேவாலயம். இதுவே முதலில் ஆர்மீனியர்களின் இடுகாடாக இருந்த மனை. அதனால் முற்றத்தில் நடந்தாலே காலடியில் கல்லறைதான். கறுத்த கல்லில் ஆர்மீனிய எழுத்துகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் இங்கே அடக்கமாகியிருக்கிறார். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794-இல் வெளிவந்தது இந்த மதராஸில்தான். அதை நடத்தியவர் அவர். ஒரு மொழியின் இதழியல் வரலாறு தன் தாய்நாட்டில் தொடங்காமல் நம் ஊர் அச்சகத்தில் தொடங்கியிருக்கிறது. சென்னையில் இன்று ஆர்மீனியச் சமூகம் என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை. அவர்கள் இங்கே வாழ்ந்ததற்குச் சாட்சியாகக் கற்கள் இருக்கின்றன.

அடுத்த நிலையம் கோட்டை. பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூர்நுனிக் கோபுரமாக உயர்ந்து நிற்கும் கல்லறையைப் பார்க்காமல் இந்தப் பயணத்தில் மேலே போக முடியாது. அதில் இரண்டு பேர். ஒருவர் 1680-இல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. மற்றவன் 1688-இல் இறந்த டேவிட் யேல் என்ற சிறுவன். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேலின் மகன். எலிஹு அப்போது மதராஸின் கவர்னர். வெவ்வேறு குடும்பப் பெயர் கொண்ட இருவர் ஒரே கல்லறையில் ஏன் இருக்கிறார்கள்? கல்லைப் பார்த்தால் புரியாது. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் பதிவேட்டைத் திறக்க வேண்டும். 1680 அக்டோபர் 28-ஆம் தேதி அந்தத் தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4-ஆம் தேதி, அங்கே பதிவான முதல் திருமணம் எலிஹு யேலுக்கும் கேத்தரின் ஹின்மர்ஸுக்கும் நடந்தது. கேத்தரின் அதே ஆண்டு இறந்த ஜோசப் ஹின்மர்ஸின் மனைவி. எட்டு ஆண்டு கழித்து அவள் மகன் டேவிட் இறந்தபோது அவனை முதல் கணவரின் பக்கத்தில் கிடத்தினார்கள். ஒரு பெண்ணின் இரண்டு துக்கங்கள் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. அவள் பெயரை ஏடு சொன்ன பிறகுதான் கல்லின் பொருள் விளங்குகிறது.

அந்த வளாகம் முழுக்க ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களின் இடுகாடு. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது அவன் படை அங்கிருந்த உயரமான கல்லறைகளை மறைவாக வைத்துக்கொண்டு சுட்டது. முற்றுகை விலகியதும் ஆங்கிலேயர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, தங்கள் முன்னோரின் சமாதிகளைத் தாங்களே இடித்தது. யேல்–ஹின்மர்ஸ் கல்லறையும் பௌனி குடும்பத்தாரின் கல்லறையும் தப்பின. மற்றவற்றின் எழுத்துக் கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுபோய்ப் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்தார்கள். உடல்கள் பழைய இடத்திலேயே கிடந்தன. பெயர்கள் மட்டும் இடம் மாறின. அதோடும் விடவில்லை. ஹைதர் அலியின் படை மதராஸை மிரட்டிய 1780-களில் அதே கற்களைக் கிளப்பிக் கொத்தளத்தில் பீரங்கிகளுக்கு அடியில் போட்டார்கள். ஆபத்து நீங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகே அவை தேவாலயத்துக்குத் திரும்பின.

இன்று அந்தக் கல்தளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பலகைகள் கிடக்கின்றன. ஆங்கிலம், லத்தீன், போர்ச்சுகீசியம், ஆர்மீனியம் என்று மொழி மாறி மாறி வருகிறது. தலைப்பக்கத்தில் குடும்பச் சின்னம். காலடியில் மண்டையோடும் குறுக்கு எலும்புகளும். ஆழமாக வெட்டிய எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது. மேலோட்டமாகச் செதுக்கியது தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் 1652-ஆம் ஆண்டுக் கல் இங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் மிஞ்சியிருக்கும் ஆங்கிலேயக் கல்லறைக் கல்வெட்டுகளில் மிகப் பழையது என்று அதைச் சொல்கிறார்கள். கோட்டையின் தலைவராகப் பதவியேற்க வந்த ஏரன் பேக்கரின் மனைவி அவர். ஊர் வந்து சேருமுன் கப்பலிலேயே உயிர் போய்விட்டது. கணவர் அதிகாரம் செய்த ஊரில் அவருக்குக் கிடைத்தது இந்தக் கல் ஒன்றுதான்.

பார்க் நிலையத்தில் இறங்கி, சென்ட்ரலின் இரைச்சலைக் கடந்து பல்லவன் சாலைக்குள் போனால், பழைய இடுகாட்டுக்குப் பதிலாகத் தீவுத்திடலில் உண்டான புனித மேரி கல்லறைத் தோட்டம் வருகிறது. 1760-களிலிருந்து அடக்கம் நடந்த இடம். ஆளுயரத் தூண்களும் கூம்புகளும் வேப்பமரங்களின் நடுவே நிற்கின்றன. இங்கே நின்று வயதை மட்டும் படித்துக்கொண்டு போக வேண்டும். இருபத்திரண்டு வயது சிப்பாய். பத்தொன்பது வயது மனைவி. பத்து மாதக் குழந்தை, பிறகு அதன் தம்பி. பிற்காலப் பதிவேடுகள் அச்சிட்ட படிவங்களாக இருந்தன. பெயர், வயது, தொழில், இறந்த நாள், அடக்கமான நாள், இறப்புக்குக் காரணம், சடங்கு நடத்திய போதகரின் கையெழுத்து என்று கட்டங்கள். இறந்த நாளுக்கும் அடக்கமான நாளுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு நாள்தான். இந்த வெயிலில் பிணத்தை அதற்கு மேல் வைத்திருக்க முடியாது. காலரா, காய்ச்சல், சீதபேதி என்று காரணங்கள் வரிசையாக வரும் பக்கங்கள் ஒரு நகரத்தின் குடிநீர் எப்படி இருந்தது என்பதற்கான மருத்துவ ஆவணம். அதே தண்ணீரைத்தான் கருப்பர் பட்டணத்தில் இருந்த இந்தியர்களும் குடித்தார்கள். அவர்களின் சாவை யாரும் இப்படிக் கட்டம் போட்டு எழுதவில்லை.

எழும்பூர் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் சிவப்புக் கட்டடம். 1909-இல் மதராஸ் ஆவண அலுவலகமாகத் தொடங்கியது. கம்பெனிக் கடிதங்கள் 1670-களிலிருந்து இங்கே இருக்கின்றன. கல்லறைகளைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இந்த நிலையத்தில் நினைவுக்கு வர வேண்டியவர் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. மதராஸ் மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளை ஊர் ஊராகத் தொகுத்து 1905-இல் ஒரு பட்டியல் நூலாக்கினார். ஆளைப் பற்றிய குறிப்பும் சேர்த்து எழுதினார். அவர் பார்த்த கற்களில் எத்தனையோ இன்று இல்லை. அவர் படியெடுத்ததால் எழுத்து மட்டும் இருக்கிறது.

ஏடு பிழைத்ததும் படியெடுத்ததால்தான். கம்பெனி ஆட்சியில் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களை ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்ப வேண்டும். மதராஸ் நகல்கள் 1698-இலிருந்து தொடங்குகின்றன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 2014-இல் இணையத்துக்கும் வந்துவிட்டன. லண்டனில் இருக்கும் பேரன் வீட்டில் உட்கார்ந்தபடியே தன் பாட்டனின் பாட்டன் மதராஸில் செத்த தேதியைக் கண்டுபிடிக்கிறான். 1947-க்குப் பிறகு வெளிநாடு போக வம்சாவளிச் சான்று தேவைப்பட்ட ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு இந்த ஏடுகளின் ஒரு வரி வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. ஆனால் அதே ஏட்டில் ஒரு வெற்றிடமும் இருக்கிறது. பழைய ஞானஸ்நானப் பக்கங்களில் தகப்பனின் பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் இருக்கும். தாய் இந்தியப் பெண் என்றால் பல இடங்களில் அவள் பெயரே இருக்காது. பெயர் இல்லாதவளுக்குக் கல்லும் இல்லை. நம் பாட்டிமார் இப்படித்தான் வரலாற்றிலிருந்து விழுந்துபோனார்கள்.

எழும்பூரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் வேப்பேரி. அங்கே புனித மத்தியாஸ் தேவாலய வளாகத்தில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1751-இலிருந்து உறங்குகிறார். மதராஸின் பெரும் ஆர்மீனிய வணிகர். அவர் இதயத்தை மட்டும் பாரசீகத்தில் பிறந்த ஊரான ஜுல்பாவுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள் என்பது அவர் சமூகத்தின் நினைவு. அவரை இந்தப் பாதையில் இன்னும் இரண்டு இடத்தில் சந்திப்போம்.

சேத்துப்பட்டைத் தாண்டும்போது மேற்கே கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டம். இது இறந்தகால இடமல்ல. இன்றும் குடும்பங்கள் வரும் இடம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். இடப் பற்றாக்குறையால் புதிய குழிக்கு இங்கே வழியில்லை. குடும்பக் கல்லறையையே மறுபடி திறந்து அடக்கம் செய்ய வேண்டியிருக்கிறது. பாட்டனின் கல்லில் பேரனின் பெயரும் ஏறுகிறது. யார் எந்த ஆண்டு எந்தக் குழியில் என்பதற்கு இங்கே பதிவேடுதான் ஆதாரம்.

நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம் வேகமாகப் போகின்றன. ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பக்கத்தில் கம்பெனிக் காலத்துக் கல் குறைவு. ஆனால் சாவு குறைவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் மாகாணமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். கஞ்சித் தொட்டி தேடிப் பட்டணத்துக்கு வந்து வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். தீவுத்திடல் தோட்டத்தில் பத்து மாதக் குழந்தைக்குக் கல் எழுப்பிய அதே நகரம் அவர்களைப் பெயர் கேட்காமல் புதைத்தது. இந்தக் கல்லறைகளைப் போற்றுகிறவர் இதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

சைதாப்பேட்டையைத் தாண்டி அடையாற்றைக் கடக்கிறோம். ஆற்றின் குறுக்கே 1726-இல் முதல் பாலத்தைத் தன் சொந்தப் பணத்தில் கட்டியவர் வேப்பேரியில் பார்த்த உஸ்கான். 1966-இல் அதற்குப் பதிலாக மறைமலை அடிகள் பாலம் வந்தது. பழைய பாலத்தின் கல்வெட்டு சாலையோரத்தில் தங்கியிருக்கிறது. பரங்கிமலை நிலையத்தில் இறங்கினால் மலைமேல் 1523-இல் போர்ச்சுகீசியர் கட்டிய தேவாலயம். அதற்கு ஏறும் படிக்கட்டைக் கட்டியவரும் உஸ்கான்தான். தினமும் அந்தப் படியில் ஏறும் பக்தர்களில் எத்தனை பேருக்கு அவர் வேப்பேரியில் இருப்பது தெரியும்?

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் நந்தம்பாக்கம். அங்கே மதராஸ் போர்க் கல்லறை. இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களின் எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கல்லறைகள், ஒரே உயரம், ஒரே வடிவம், இடையிடையே பூச்செடி. தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பல ஊர்களில் பராமரிக்க ஆளில்லாமல் கிடந்த கல்லறைகளிலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் இறந்து, இந்தியாவெங்கும் காக்க முடியாத கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை ஒரு நினைவுச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். கல்லறையைக் காக்க முடியாவிட்டாலும் பெயரைக் காக்கலாம் என்பதற்கு இந்தச் சுவர் போதும்.

பல்லாவரத்தில் பழைய ராணுவக் குடியிருப்பின் கல்லறைகள் உண்டு. ஆனால் இந்த ஊர் அதைவிடப் பின்னால் நம்மைக் கூட்டிப்போகிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது இங்கேதான். அதே நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ இதே பகுதியில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையைத் தோண்டி எடுத்தார். அது இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில். இரும்புக்காலத்தில் இந்த மண்ணில் பிறந்தவர் ஒருவரை அவர் உறவினர் இவ்வளவு அக்கறையோடு பேழை செய்து அடக்கியிருக்கிறார்கள். எழுத்து இல்லாததால் அவர் யாரென்று யாராலும் சொல்ல முடியாது.

குரோம்பேட்டை தாண்டித் தாம்பரம் வரும்போது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரன் சமாதியை நாம் எதற்குக் காக்க வேண்டும்? 2023-இல் யேல்–ஹின்மர்ஸ் கல்லறையை இடம் மாற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட்டபோது பலரும் கேட்டது இதைத்தான். என் பதில் இது. இறந்தவரின் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பதை நமக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தரவில்லை. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு நடுகல் எடுத்து, ஆட்சியாண்டோடு அவன் பெயரைப் பொறித்த மரபு நம்முடையது. அந்தக் கற்கள் வயலிலும் வேலியிலும் கிடந்தபோது நம் தொல்லியல் துறை தேடிப் படித்து, ‘செங்கம் நடுகற்கள்’ என்று 1972-இல் நூலாகப் போட்டது. அதனால்தான் அவை நமக்குக் கிடைத்தன. இந்தத் தடத்தின் கற்களும் ஏடுகளும் அதே உழைப்பைக் கேட்கின்றன. ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து, எழுத்தைப் படியெடுத்து, தமிழில் பொருள் சொல்லி வைக்க வேண்டும். ஒவ்வொரு சபையின் பதிவேட்டையும் கறையான் தின்னுமுன் நகலெடுக்க வேண்டும். அந்த ஏடுகளில் தமிழ்க் கிறிஸ்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. அவற்றின் நகல் லண்டனில் கிடைக்கும் என்று நம்பி நாம் சும்மா இருக்க முடியாது. இதற்குக் கல்லூரி வரலாற்றுத் துறைகளும், சபைகளும், ஆவணக் காப்பகமும் சேர்ந்தால் போதும். இறங்க வேண்டிய நிலையங்கள் எல்லாம் ஒரே தடத்தில், ஒரு மணி நேரத்துக்குள் இருக்கின்றன.