மூன்று மீட்டர் வாய்க்கால்

ஆகாயத்தாமரை குறைந்துவிட்டது என்று நான் நம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோவையில் நொய்யலை ஒட்டிய குளம் ஒன்றின் இரண்டு படங்கள் திரையில் இருந்தன. வைகாசியில் எடுத்ததில் குளத்தில் பாதிக்குமேல் பச்சை. ஆடியில் மேகம் விலகிக் கிடைத்ததில் அதில் பாதிகூட இல்லை.

கணக்கு எளிமையானதுதான். உயிருள்ள இலை சிவப்பொளியை எடுத்துக்கொண்டு, அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் இரண்டையும் பெரும்பாலும் விழுங்கிவிடும். இந்த வேறுபாட்டை வைத்துச் செடியையும் நீரையும் பிரித்துவிடலாம். சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசம். ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நண்பர்களுக்கு அனுப்ப வரைபடம் தயார். அனுப்பும் முன் நேரில் ஒருதடவை பார்த்துவிடலாமே என்று போனேன்.

பரிசலைக் கரையேற்றிக்கொண்டிருந்த மீன்கார அண்ணனிடம் போனை நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கீங்க தம்பி கொறஞ்சுது? ஆடிக்காத்து அத்தனையும் கெழக்குக் கரைல தள்ளிப் போட்டிருக்குது. ஐப்பசில காத்து திரும்புனா மறுக்கா மேக்க வந்துரும்."

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பரவலாக மிதந்த செடிகள் கரையோரம் நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பரப்பு சுருங்கியிருந்ததே தவிர, செடி குறையவில்லை. அவருடைய வலை ஒன்று அதனடியில் சிக்கிக் கிடந்தது.

"எடுக்க முடியாதாண்ணா?"

"பொக்லைன் வந்தாத்தான். அள்ளிப் போட்டாலும் ரெண்டே மாசந்தான், பழையபடி ஆயிரும். வாங்க, காட்டறேன்."

கூட்டிப்போய்க் காட்டியது, குளத்துக்குள் விழும் ஒரு வாய்க்கால். மழைநீருக்காக வெட்டியது, இப்போது வருவது சாக்கடை. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் இந்தச் செடிக்கு உரம். தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது, இங்கே தின்று கொழுப்பது நம் கழிவை.

வீட்டுக்கு வந்து அந்த இடத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். வாய்க்காலின் அகலம் மூன்று மீட்டர் இருக்கலாம். கரை மண்ணோடும் சீமைக்கருவேலத்தோடும் ஒரே புள்ளிக்குள் கலந்துபோயிருந்தது. தெரிந்துகொண்டு தேடியும் கிடைக்கவில்லை.

வரைபடத்தை அனுப்பவில்லை. இப்போது ஒவ்வொரு படத்தின் கீழும் தேதியோடு அன்றைய காற்றின் திசையையும் எழுதுகிறேன். வாய்க்காலை மட்டும் கையால் வரைந்து சேர்த்திருக்கிறேன்.