ஏரியல் நீளமானா ரேடியோ நல்லா கேக்குமா?

சிற்றலை ரேடியோவுக்குக் கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லதுன்னு நம்ம பக்கம் ஒரு எண்ணம் இருக்கு. பாதிதான் உண்மை.

ஆரணியில் பட்டுத்தறி ஓட்டின பெரியப்பா ஒருத்தர் எனக்குப் பழக்கம். வயசான பிறகு கண் பார்வை போய்விட்டது. தறிக்குழியில் இறங்க முடியாது, பேப்பர் படிக்க முடியாது. இருந்த ஒரே துணை ரேடியோ. 1941ல் ஆரம்பித்த பி.பி.சி. தமிழோசையை வருஷக்கணக்கா கேட்டவர். 2017 ஏப்ரல் 30ஓடு அந்த ஒலிபரப்பு நின்றது. அப்புறம் அவருக்கு மிச்சம் இருந்தது சாயங்காலம் வரும் சீன வானொலி தமிழ்தான். அது 1963ல் ஆரம்பிச்ச சேவை.

அது இன்னும் தெளிவா கேக்கட்டும்னு அவர் மகன் மாடியிலிருந்து தென்னை மரம் வரைக்கும் நூறு அடி செம்புக் கம்பி கட்டி, ரேடியோவில் மாட்டிவிட்டான். அன்னைக்கு ராத்திரியே எல்லாம் குழம்பிப்போச்சு. எங்க திருப்பினாலும் ஒரே நிலையம், அதுக்குள்ள இன்னொரு குரல், கூடவே இரைச்சல். "செட்டு செத்துப்போச்சுடா, பழைய சாமான்காரனுக்குப் போட்டுடு"ன்னு பெரியப்பா சோர்ந்துபோயிட்டார்.

செட்டு நல்லாத்தான் இருந்துச்சு. பத்து ஹெச்.பி. மோட்டார் தண்ணியைச் சின்ன வாய்க்காலில் விட்டா வரப்பு உடைஞ்சு பக்கத்து வயலுக்கும் பாயும் இல்லையா? அதே கதைதான். சின்ன ரேடியோவின் முன்பகுதி அதோட குச்சி ஏரியலுக்குத் தகுந்த மாதிரி செஞ்சது. நூறு அடி கம்பி எல்லா நிலையத்தையும் ஒரே சமயத்தில் உள்ளே தள்ளும். பலமான நிலையங்கள் உள்ளுக்குள்ள ஒன்னோட ஒன்னு கலந்து, இல்லாத இடத்திலும் கேக்கும். சாதாரண செட்டில் 9600 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் பலமான நிலையம், 910 தள்ளி 8690லயும் தலைகாட்டும். உள்ளே இருக்கும் 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அலையின் இரண்டு மடங்குதான் அந்த 910.

செலவில்லாத வழியிலிருந்து ஆரம்பிச்சோம். செட்டில் லோக்கல், டிஎக்ஸ் சுவிட்ச் இருந்தா லோக்கலில் வைக்கணும். அவர் செட்டில் அது இல்லை. அடுத்து கம்பியை இருபத்தஞ்சு அடியாக் குறைச்சோம். முனையைக் குச்சியில் நேரா மாட்டாம, பிளாஸ்டிக் உறை உள்ள ஒயரைக் குச்சி மேல நாலஞ்சு சுத்து சுத்திவிட்டோம். உலோகம் உலோகத்தைத் தொடாது, ஆனா சிக்னல் அளவா ஏறும். சுத்தைக் கூட்டினா பலம் கூடும், குறைச்சா குறையும்.

அப்பவும் கலந்து கேட்டா, 1 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் ஒன்னு வாங்குங்க. ஓரக் கால் ஒன்னில் ஏரியல், மறு ஓரத்தில் எர்த், நடுக்காலிலிருந்து ரேடியோவுக்கு. செட்டின் எர்த்தும் அதே எர்த்தில் சேரணும். மடை திறக்கிற மாதிரி வேண்டிய அளவு திருப்பிக்கலாம். எப்பவும் நினைவில் வையுங்க: சத்தம் குறைஞ்சாலும் பேச்சு தெளிவானா அதுதான் சரியான அளவு.

ஒயர் சுத்தின அன்னைக்கே பெரியப்பாவுக்குச் செய்தி முழுசாக் கேட்டது. பழைய சாமான்காரன் பேச்சை அதோட விட்டார்.

வெளியே கம்பி கட்டுறவங்க மின் கம்பிக்குக் கிட்டவோ, மேலயோ, கீழயோ கட்டாதீங்க. இடி மின்னல் வர்றதுக்கு முன்னாடியே செட்டிலிருந்து கழட்டி வீட்டுக்கு வெளியே போட்டுடுங்க. ஐப்பசி மழையில் இதை மறக்கவே கூடாது.