கேப் டவுனில் ஒரு கேத்திக்காரன்



நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் வளர்ந்தவனுக்குக் கிப்லா என்றால் மேற்கு. கேப் டவுனுக்குக் குடிபெயர்ந்த பின் அது வடக்காகி, சற்றே கிழக்கு நோக்கிச் சாய்ந்தது. நண்பகல் சூரியனும் இங்கே வடக்கு வானில்தான் நிற்கிறது. நம் ஊரில் தோணி போலக் கிடக்கும் தலைப்பிறை, இங்கே ஒளிவிளிம்பை இடப்புறமாகத் திருப்பிக்கொண்டு சாய்ந்து எழுகிறது. நோன்பு ஜூன் மாதத்தில் வந்தால் அது குளிர்காலம். பகல் பத்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இத்தனை மாற்றங்களுக்கு நடுவே நான் தயங்காமல் நுழைந்த இடம், போ-காப் பகுதியின் பள்ளிவாசல். சுப்ஹுத் தொழுகையின் இரண்டாம் ரக்அத்தில் இமாம் குனூத் ஓதக் கையேந்தினார். என் உம்மா பிறந்த கீழக்கரையில் ஓதப்படும் அதே குனூத். இவ்வூர் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் எங்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். அல்ஹம்துலில்லாஹ், அதன்பின் இவ்வூர் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

இவர்களுடைய அன்றாட வாழ்வில் என்னை வியக்கவைத்தவை பல. நன்றி சொல்ல 'திராமகாசி' என்கிறார்கள். மலாய் மொழியின் 'தெரிமா காசி' என்பதன் திரிபு அது. பெருநாளுக்கு 'லபாராங்' என்று பெயர். விருந்து முடிந்து புறப்படும்போது கையில் ஒரு பலகாரப் பொட்டலத்தைத் திணித்து, அதைப் 'பரக்கத்' என்கிறார்கள். நம் மவ்லிது மஜ்லிஸில் கிடைக்கும் நார்சாவேதான் அது! ஞாயிறு காலையில் தேங்காய்த் துருவல் தூவிய 'கூசிஸ்டர்' என்னும் இனிப்பு வீட்டுக்கு வீடு மணக்கும்.

ரமளானில் நோன்பு திறப்பதற்குச் சற்று முன்பு, சிறுவர்கள் மூடிய தட்டுகளுடன் தெருவில் அங்குமிங்கும் ஓடுவார்கள். பக்கத்து வீடு முஸ்லிம் வீடா, கிறிஸ்தவ வீடா என்று பார்ப்பதில்லை. கேத்தியில் எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி படுகர் வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் போனதும், அச்சட்டி பீன்ஸோ உருளைக்கிழங்கோ நிரம்பித் திரும்பியதும் அப்போது நினைவுக்கு வரும். மாத இறுதியில் சீ பாயிண்ட் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடி, பிறையைக் கண்ணால் தேடுவார்கள். மூடுபனி சூழ்ந்த கேத்தியில் தலைமைக் காஜியின் அறிவிப்புக்காகக் காத்திருந்தே பழகிய எனக்கு, அலையோசையின் நடுவே ஆயிரம் பேர் ஒரு சேர மேற்கு வானத்தைப் பார்த்து நின்றது மறக்க முடியாத காட்சி.

இந்த மார்க்கம் இங்கே வந்த வரலாறு இன்பமானதன்று. டச்சுக் கம்பெனியை எதிர்த்துப் பிடிபட்ட மக்காஸர் ஷெய்கு யூசுஃப் அவர்கள் முதலில் இலங்கைக்கும், பின்னர் 1694இல் இங்கும் நாடுகடத்தப்பட்டார்கள். தீதோர் தீவின் இளவரசரான துவான் குரு 1780இல் கைதியாகக் கொண்டுவரப்பட்டு, ராபன் தீவில் அடைக்கப்பட்டார்கள். அங்கே திருக்குர்ஆன் முழுவதையும் நினைவிலிருந்தே எழுதினார்கள். விடுதலைக்குப் பின் அவர்கள் இமாமாக நின்ற அவ்வல் பள்ளிவாசலுக்கு இடம் தந்தவர் சார்க்கி என்ற பெண்மணி. இலங்கையிலிருந்து அடிமையாக வந்து விடுதலை பெற்ற கோரிடோன் என்பவரின் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். முஸ்லிம்கள் வெளிப்படையாகத் தொழுவதற்கு 1804வரை இங்கே சட்டம் இடம் தரவில்லை. ஆயினும் தொழுகை நிற்கவில்லை.

துவான் குரு தொடங்கிய மதரஸாவின் வழிவந்த பிள்ளைகள், தாங்கள் பேசிய ஆஃப்ரிகான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதிப் பாடம் படித்தார்கள். அம்மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் சில இவ்வாறு அரபு எழுத்தில் அமைந்தவையே. துருக்கியிலிருந்து வந்த அபூபக்கர் எஃபெந்தி அம்முறையில் எழுதிய 'பயானுத்தீன்' என்னும் மார்க்கச் சட்டநூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சேறியது.

இதைக் கேட்டதும் கீழக்கரை என் கண்முன் வந்தது. அதே நூற்றாண்டில் அங்கே மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அரபுத் தமிழில் 'மகானி' என்னும் சட்டநூலை எழுதினார்கள். ஆலிமிடம் நேரில் சென்று கேட்கக் கூசிய பெண்கள், வீட்டில் இருந்தபடியே அத்தகைய நூல்களின் வழியே உளூவும் தொழுகையும் கற்றார்கள். ஒருவரையொருவர் அறியாத இரு கடற்கரைச் சமூகங்கள், தாய்மொழிக்கு அரபு எழுத்தை உடுத்தி ஒரே பணியைச் செய்திருக்கின்றன. சுப்ஹானல்லாஹ்!

எதிர்வீட்டு மூதாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் பெருமூச்சுடன், "என் பாட்டியின் குறிப்பேடு வீட்டில் இருக்கிறது, தம்பி. அதைப் படிக்கத்தான் எங்களுள் ஒருவருமில்லை" என்றார். அந்த வாக்கியம் பல நாள் என் உறக்கத்தைக் கெடுத்தது. எங்கள் கேத்தி வீட்டு அலமாரியிலும் ஒரு மகானி இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் உம்மா ஒருவரே. அவருக்கு எண்பது வயதாகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களை ஆங்கிலேயர் கப்பலேற்றி இந்தியாவின் பல முகாம்களில் வைத்தனர். அவற்றுள் ஒன்று கேத்தி. இன்று காரட் விளையும் எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் இம்மொழியின் ஒலி கேட்டிருக்கிறது. போர் முடிந்ததும் கைதிகள் ஊர் திரும்பினார்கள். ஷெய்கு யூசுஃப் போன்றோர் உயிருடன் திரும்பவேயில்லை. ஆயினும் அவர்கள் இங்கே விட்டுச் சென்றது ஒரு சமுதாயத்தை.

விலங்கு பூட்டப்பட்டு வந்தவர்கள் இவ்வளவைக் காத்தார்கள். விமானச் சீட்டும் மாதச் சம்பளமுமாக வந்திருக்கும் நாம் நம் பிள்ளைகளுக்கு எதைத் தரப்போகிறோம்? என் மகள் இங்கே மதரஸாவில் அழகாக ஓதுகிறாள். அரபு எழுத்து அவளுக்குக் கைவந்திருக்கிறது. தமிழைப் பேசுகிறாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆக, அரபுத் தமிழுக்குத் தேவையான இரண்டும் பாதிப்பாதியாக அவளிடம் இருக்கின்றன! இப்போது வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பிறகு கைபேசித் திரையில் உம்மா மகானியின் ஒரு பக்கத்தைக் காட்டி வாசிக்கிறார். மகள் கேட்டு எழுதுகிறாள். ச, ப, ட ஆகியவற்றுக்கென அரபு எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டிருப்பதைக் கண்டு வியக்கிறாள். பதினொரு பக்கங்கள் முடிந்திருக்கின்றன.

உங்கள் இல்லத்து அலமாரியிலும் இப்படியொரு நூல் இருக்கக்கூடும். அதை வாசிக்கத் தெரிந்தவர் உயிருடன் இருக்கும்போதே அவர் அருகில் அமருங்கள். முன்னோர் விட்டுச்சென்ற அமானிதத்தைப் பேணி, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.